கடலைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்: முட்டம் முதல் வர்க்கலை வரை இரண்டு நாள் பயணம்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையோரம், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். அங்கிருந்து தெற்கே போனால் தேங்காய்ப்பட்டணம், மேற்கே போனால் பூவாறு, எந்தப் பக்கம் திரும்பினாலும் கொஞ்ச நேரத்தில் கடல். அதனால் வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ சொந்தக்காரர் யாராவது போன் பண்ணுவார்கள். "ரெண்டு நாள் லீவு. பிள்ளைங்க கடலுக்குப் போகணும்னு நிக்குதுங்க. ரூம் போட்டாச்சு. அங்க என்னெல்லாம் பாக்கலாம்?"

அறையைப் போட்டுவிட்டுக் கேட்பதில்தான் சிக்கல். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு ஜூன் கடைசியில் கேரளத்து வர்க்கலையில் நல்ல அறையாகப் பார்த்துப் பணம் கட்டிவிட்டுப் போனோம். இரண்டு நாளும் விடாத மழை. குன்றுக்குக் கீழே மணலே இல்லை, அலை நேராகப் பாறையில் மோதிக்கொண்டிருந்தது. கால் நனைக்கக்கூட இடம் கிடைக்காமல் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அறைக்காரர் மேல் ஒரு குறையும் இல்லை; மாதத்தைப் பார்க்காமல் போனது நான். அதற்குப் பிறகு கேட்கிற எல்லோருக்கும் ஒரே வரிசையைத்தான் சொல்கிறேன்: முதலில் மாதம், அடுத்து கரை, அப்புறம் வண்டி, கடைசியில் அறை.

முதலில் மாதம்

இந்தக் கரை மேற்குக் கடற்கரை. தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் நேராக இங்கேதான் வந்து இறங்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் பெரிய அலைகள் கரை மணலை வாரிக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். கடற்கரை ஒடுங்கிப் போகும், சில இடங்களில் இல்லாமலே போகும். செப்டம்பருக்குப் பிறகு கடல் அடங்க அடங்க அதே மணல் திரும்பி வரும். குளிக்கவும் பிள்ளைகள் விளையாடவும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். மழையையே பார்க்க வேண்டும், கடலில் இறங்குவதில்லை என்றால் ஜூலையிலும் வரலாம். முட்டம் பாறை மேல் மழைக்காலக் கடலைப் பார்ப்பது தனி அனுபவம். பாறை நுனிக்கு மட்டும் போகக் கூடாது.

மார்ச் முதல் மே வரை ஒரு எச்சரிக்கை உண்டு. வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, மழைக்கான அடையாளமே தெரியாது. திடீரென்று கடல் வீங்கிக் கரையேறும். மலையாளக் கரையில் இதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். இங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசும் புயல்கள் கிளப்பிய நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்வதுதான் இது. அதனால் நம் ஊர் வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். அந்த நேரத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது, உள்ளூர்ச் செய்திகளிலும் வரும். கிளம்புகிற அன்று காலையிலும் கடற்கரைக்குப் போகுமுன்னும் அதைப் பார்த்துவிடுங்கள். மாதம் பார்ப்பது அறை போடுவதற்கு, எச்சரிக்கை பார்ப்பது உயிருக்கு.

மீன் சாப்பிடவே வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. விசைப்படகுத் தடைக்காலம் குமரி மாவட்டத்தில் இரண்டு விதம். கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள். அந்த நாட்களிலும் வள்ளமும் கட்டுமரமும் போகும், மீன் கிடைக்கும், விலைதான் ஏறியிருக்கும்.

எந்தக் கரை யாருக்கு

இரண்டு நாளுக்கு ஒரு ஊர் போதும். கன்னியாகுமரி, கோவளம், வர்க்கலை மூன்றையும் ஒரு சனி ஞாயிறில் முடிக்கலாம் என்று வரைபடம் காட்டும். முடித்தவர்கள் பார்த்ததெல்லாம் நாலுவழிச் சாலையும் மார்த்தாண்டத்து நெரிசலும்தான்.

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து வந்தால் நான் கையைக் காட்டுவது முட்டம், குளச்சல் பக்கம். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ தங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை காலை பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூர் மன்னர்களின் மர அரண்மனை அது. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் இடைவேளைக்கும் மூடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் போனால் கருந்தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் தெரியும். அங்கிருந்து பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. 1741 ஆகஸ்டில் குளச்சல் கரையில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். அப்போது பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதி ஆனார். அவர் கல்லறை இந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்லறையைப் பார்த்துவிட்டு மாலையில் குளச்சல் கடற்கரையில் அந்தப் போரின் வெற்றித் தூணைப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் கண்முன் வந்து நிற்கும். சூரியன் மறையும் நேரத்துக்கு முட்டம் போய்விடுங்கள். செம்மண் மேடு, கருப்புப் பாறை, கலங்கரை விளக்கம், கீழே மீனவர் குடியிருப்பு. அந்த மேட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

கன்னியாகுமரிக்கே வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் போகும் படகு கடல் கொந்தளித்தால் நின்றுவிடும். இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு கூட்டமும் கூடிவிட்டது. படகைச் சனிக்கிழமை காலையிலேயே முடித்துவிடுங்கள்.

படகில் போக ஆசைப்படுகிறவர்களுக்குப் பூவாறு. நெய்யாறு கடலில் சேரும் இடம். ஒரு பக்கம் ஆற்றின் காயல், நடுவில் மணல் திட்டு, அந்தப் பக்கம் கடல். சில விடுதிகளுக்குப் படகில் மட்டும்தான் போக முடியும், இரவில் நினைத்த நேரத்தில் வெளியே வர முடியாது. மருந்து மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். படகுக்கு முதல் துறையிலேயே பேசி முடிக்காமல் இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். எத்தனை மணி நேரம், எந்த வழி, உயிர்காப்புச் சட்டை எல்லோருக்கும் உண்டா என்பதை ஏறுவதற்கு முன்னே பேசிக்கொள்ளுங்கள். மணல் திட்டில் இறக்கிவிடுவார்கள். அங்கே நிற்கலாம், நடக்கலாம். பொழிமுகத்தில் மட்டும் இறங்கவே கூடாது. ஆறும் கடலும் தள்ளிக்கொள்ளும் இடம் அது. முழங்கால் தண்ணீரிலேயே காலுக்கடியில் மணல் நழுவும்.

கோவளத்தில் லைட்ஹவுஸ், ஹவா, சமுத்ரா என்று வரிசையாகக் கரைகள். உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், கொடி நட்டிருப்பார்கள். கூட்டம் பிடித்தவர்களுக்கு நல்ல இடம். எனக்கு அதைவிடப் பக்கத்து விழிஞம்தான் மனதுக்கு நெருக்கம். அங்கே 8ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஒரு சின்னக் குடைவரைக் கோயில் இருக்கிறது, ஆய் மன்னர்கள் ஆண்ட ஊர். அதே ஊரில் இன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம்; முதல் தாய்க்கப்பல் 2024 ஜூலையில் வந்தது, 2025 மே 2 அன்று முறைப்படி திறந்தார்கள். மீன்பிடித் துறையில் நின்று பார்த்தால் வள்ளத்துக்குப் பின்னால் மலை மாதிரி கப்பல் தெரியும்.

வர்க்கலை இளையவர்களுக்கும் நண்பர் கூட்டத்துக்கும். செங்குத்தான செம்மண் குன்று, மேலே கடைகளும் விடுதிகளும், கீழே கடல். குன்றிலிருந்து கீழே இறங்கும் படிகள் முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது. அவர்களை ஜனார்த்தன சுவாமி கோயில் பக்கமிருந்து பாபநாசம் கரைக்கு அழைத்துப் போங்கள், அங்கே சாலையே மணல் வரை வரும். நாராயண குருவின் சமாதி இருக்கும் சிவகிரியும் பக்கம்தான். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், கன்னியாகுமரி பகவதி கோயிலிலும் அப்படித்தான்.

வண்டி

ரயில்தான் நல்லது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். நீண்ட விடுமுறை என்றால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். எந்த ஊருக்கு எந்த நிலையம் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். மார்த்தாண்டத்துக்குக் குழித்துறையில் இறங்க வேண்டும். குளச்சலுக்கும் பத்மநாபபுரத்துக்கும் இரணியல் பக்கம். பூவாற்றுக்கு நெய்யாற்றின்கரை அல்லது பாறசாலை. கோவளத்துக்குத் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி 'கிழக்கே கோட்டை' (ஈஸ்ட் ஃபோர்ட்) என்ற இடத்துக்கு வந்தால் பேருந்து உண்டு. வர்க்கலைக்கு வர்க்கலை சிவகிரி. சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் போகும் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் நாகர்கோவில், குழித்துறை, திருவனந்தபுரம் வழியாகப் போவதால் சென்னைக்காரர்களுக்கு அதுவே வசதி.

கேரளப் பேருந்துகளில் பல பலகைகள் மலையாளத்தில் மட்டும் இருக்கும். நடத்துநரிடம் தமிழிலேயே கேளுங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை தமிழ் நன்றாகவே புரியும். "சேட்டா, கோவளம் போகுமா?" என்றால் யாரும் விழிக்க மாட்டார்கள். காரில் வருகிறவர்கள் சனிக்கிழமை மாலையில் மார்த்தாண்டத்தையும் பாலராமபுரத்தையும் கடக்கத் திட்டம் போடாதீர்கள்.

அறை

'கடல் தெரியும் அறை' என்று விளம்பரத்தில் இருந்தால் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். கடல் வரை எத்தனை நிமிடம் நடக்க வேண்டும்? வழியில் படி உண்டா? ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பாடு கிடைக்குமா? மழுப்பாமல் பதில் சொல்கிற இடத்தில் போடுங்கள்.

கரையில்

சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கரையில் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்கள். ஞாயிறு பூசை நாள், அன்று அநேகமாகக் கடலுக்குப் போக மாட்டார்கள். துறைமுகம் வெறிச்சென்று கிடக்கும், ஓட்டலில் முந்தின நாள் மீன். மீன் வந்து இறங்குவதைப் பார்ப்பதும் சாப்பிடுவதும் சனிக்கிழமைக்கு உரியது.

கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை, இழுப்பது கண்ணில் பட்டால் வேறு எந்தத் திட்டம் இருந்தாலும் விட்டுவிட்டு நில்லுங்கள். ஒரு வள்ளம் வலையின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு அரைவட்டமாகச் சுற்றி மறுநுனியை வேறொரு இடத்தில் கரை சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆண்கள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக நடப்பார்கள். வரிசையின் கடைசி ஆள் கயிற்றை வளையமாக அடுக்கிவிட்டு ஓடிப்போய்த் தண்ணீரோரம் முதல் ஆளாகப் பிடிப்பார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இது நடக்கும். இரண்டு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். காக்கைகள் முதலில் கண்டுபிடித்துவிடும். கடைசியில் மடி மணலில் ஏறும்போது உள்ளே நெத்திலி துள்ளுகிற சத்தம், பொரிகிற எண்ணெய் மாதிரி, நாலு அடி தள்ளி நின்றாலே கேட்கும். சருவம் என்ற பாத்திரத்தோடு காத்திருக்கும் பெண்கள் முன்னால் வருவார்கள், ஏலம் தொடங்கும். சின்ன ஏலத்தில் வெளியூர்க்காரரும் கேட்கலாம். விலை தெரியாமல் இடையில் புகுந்து ஏற்றிவிடாதீர்கள், அவர்களுடைய அன்றைய பிழைப்பு அது.

அந்த மணல் அவர்களுக்கு முற்றம். காயப்போட்ட வலையை மிதிக்கக் கூடாது. செருப்போடு வள்ளத்தில் ஏறிப் படம் எடுக்கக் கூடாது. ஆட்களைப் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை என்று தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே கேரள எல்லை வரை நெருக்கமாகக் கிடக்கும் ஊர்களுக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பேர்போன ஊர்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் திரும்பி வராதவர்களின் வீடுகள் அந்தத் தெருக்களில் இருக்கின்றன. அலைதடுப்புக் கற்கள் நிறைந்த அந்தக் கரை குளிக்கிற இடமும் அல்ல. போனால் அமைதியாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தண்ணீரில்

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அலை உடையாமல், நுரை இல்லாமல், கொஞ்சம் கறுத்துத் தெரியும் இடம் அமைதியான இடம் என்று நினைத்துப் பிள்ளைகளை அங்கே இறக்குவார்கள். அதுதான் ஆபத்து. கரையில் வந்து குவிந்த தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் உள்நோக்கி ஓடும். நுரையும் குப்பையும் கடலுக்குள் போவதைக் கவனித்தால் தெரியும். ஒருநாள் தேங்காய்ப்பட்டணத்தில் அப்படி ஓர் இடத்தில் என் தம்பி மகன் கால் வைக்கப் போனான். வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எறங்கண்டாம் மக்களே, நீவாடு வெலங்க இழுக்குது." நீவாடு என்றால் நீரோட்டம், வெலங்க என்றால் கரையை விட்டு ஆழத்துக்கு. அவர் அலையைப் பார்க்கக்கூட இல்லை, சத்தத்திலேயே தெரிந்திருக்கிறது. அதனால் எந்தக் கரையானாலும் இறங்குவதற்கு முன் அங்கே வேலை செய்கிற ஒருவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் மறுபேச்சுப் பேசாதீர்கள்.

இழுத்துக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்திக் களைத்துப்போகக் கூடாது. மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அங்கிருந்து கரையேற வேண்டும். நீந்தத் தெரியாதவர் கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். கரையில் இருப்பவர் பின்னாலேயே பாயாமல் கயிறோ காலி கேனோ எறிந்து ஆட்களைக் கூப்பிட வேண்டும். சிவப்புக் கொடி இருந்தால் கால் நனைப்பதும் வேண்டாம். மது குடித்தவர்களை இறங்க விடாதீர்கள். பாறை மேல் நின்று படம் எடுப்பவர்களை அலை வந்து துடைத்துக்கொண்டு போவது முட்டத்திலும் நடக்கும், எங்கேயும் நடக்கும். ஈரமாக இருக்கிற பாறை என்றால் அங்கே வரைக்கும் அலை வருகிறது என்று அர்த்தம்.

சாப்பாடு

மீன் பெயர் மாறும். சென்னையில் வஞ்சரம் என்பது இங்கே நெய்மீன். கானாங்கெளுத்தி இங்கே அயிலை. குமரியில் சாளை என்றால் கேரளத்தில் மத்தி என்றும் சொல்வார்கள். விழிஞத்திலும் குளச்சல் பக்கமும் பாறையில் முங்கி எடுக்கும் சிப்பி கிடைத்தால் விடாதீர்கள்; தேங்காயும் மிளகும் போட்டு வறுத்தது தனி ருசி. பெரிய ஓட்டலைவிட, துறைமுகத்துக்குப் போகும் வழியில் மதியம் மட்டும் திறக்கும் சின்னக் கடைகளில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் கறியும் கேளுங்கள். கேரளத்தில் அதே கிழங்குக்குக் கப்ப என்று பெயர். பனங்காட்டுப் பக்கம் காலையில் அக்கானி விற்றால் குடியுங்கள், நீங்கள் பதநீர் என்று சொல்வதுதான். தட்டு வருவதற்கு முன்பே மீன் விலையைக் கேட்டுவிடுங்கள், எடைக்கு விற்கும் இடங்களில் பில் பெரிதாகிவிடும்.

திரும்பும் நாள்

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குக் கடைசி முறை காலையில் போய்விட்டு, பத்து மணிக்குள் உப்புத் தண்ணீர் போகக் குளித்துவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கடற்கரையில் இருந்தால் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். பச்சை மீனை ரயிலில் கொண்டுபோக வேண்டாம். ஐஸ் உருகிப் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொந்தரவு. காய்ந்த நெத்திலி வாங்கிக் காகிதத்தில் சுற்றி, டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் வழியாகத் திரும்பினால் தேனும் மட்டி என்ற வாழைப்பழமும் வாங்கலாம், இரண்டுக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மட்டிப் பழத்தைக் கொஞ்சம் காயாகவே கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலில் ஏற்றினால் புதன்கிழமை வாக்கில் வீட்டில் பழுக்கும்.